பாப்பாவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள்

பாப்பா தூங்கினால்தான் அந்த வீட்டில் எதுவும் முடிவாகும். சென்னைப் பக்கம் போய் ஒரு நாள் தீம் பார்க், மறுநாள் கடற்கரை என்று காவியாவும் மாதவராஜும் முடிவு செய்ததும் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். ரெண்டு வயது தர்ஷிகா கட்டிலின் குறுக்கே கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்க, இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காவியா இண்டூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் தருமபுரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். மாதவராஜுக்குத் தருமபுரியிலேயே சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை. காலையில் அவன் போகும் நேரம் வேறு, அவள் போகும் நேரம் வேறு. ராத்திரி ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தால் நடுவில் பாப்பா இருப்பாள். குழந்தை பிறந்த பிறகு புருஷனும் பெஞ்சாதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயாவது போனது என்றால், பாப்பாவுக்கு மொட்டையடிக்கத் தீர்த்தமலை போனதுதான். அன்றைக்கும் பாப்பா அழுத அழுகையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

போனில் ஓடிய வீடியோவில் ஒரு பெரிய ரைடு ஆட்களைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தது. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கத்தினார்கள். காவியா அதை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள்.

"எல்லாஞ் சரி. சின்னப் பசங்கள இதுல ஏத்தமாட்டாங்களாம். பாப்பாவ யாரு புடிச்சுக்கறது?" என்றான் மாதவராஜ். "நீ போறப்ப நான் வெளிய நிக்கணும், நான் போறப்ப நீ நிக்கணும். அப்பிடிப் போறதுக்கு எதுக்குப் போவணும்?"

காவியாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரைடு பெரிதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவையாவது கத்த வேண்டும். இதை யாரிடம் சொல்ல முடியும்.

"காவேரி அக்காவக் கூட்டிட்டுப் போலாங்க," என்றாள். "பாப்பா அவகிட்ட நல்லா இருந்துக்குவா."

சொன்னது அவள்தான். பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். அவன் சொல்லி இவள் தலையாட்டியதாக ஒரு தடவைகூட நினைத்துக்கொள்ள முடியவில்லை.

காவேரி அவளுடைய கூடப்பிறந்த அக்கா. கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷன் லாரி விபத்தில் போய்விட, குழந்தை இல்லாமல் இண்டூருக்கே திரும்பி வந்து, அப்பா வீட்டில் கறவை மாடு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். விடியக்காலையில் பால் கறந்து மொபெட்டில் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருவாள். அவள் வருகிற நேரத்துக்குக் காவியா பாப்பாவைக் கொண்டுபோய் அவள் இடுப்பில் ஏற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள். வாரத்தில் ஆறு நாளும் இப்படித்தான். பாப்பா முதலில் பேசிய வார்த்தை 'அம்மா' என்று காவியா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். உண்மையில் அது 'வேரி'.

அன்றைக்குச் சாயங்காலமே காவியா அக்கா வீட்டுக்குப் போனாள். காவேரி கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் லீவு வருதில்ல, நாங்க மெட்ராஸ் பக்கம் போலாம்னு இருக்கறோம். நீயும் வாக்கா."

காவேரியின் கை நின்றது. "நானா? நான் எதுக்குடி?"

இந்த இடத்தில் காவியா உண்மையைச் சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா முகம் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அது உள்ளே போய்விட்டது.

"சும்மாதாங்க்கா. நீயும் எங்கியும் போனதில்ல. கடல்கூடப் பாத்ததில்லயே நீ. அவருதான் சொன்னாரு, அக்காவ உட்டுட்டு நாம மட்டும் போனா நல்லாருக்குமான்னு."

அவரையும் பொய்யில் இழுத்துவிட்டோமே என்று அவளுக்கு உடனே சுருக்கென்றது.

காவேரி மறுபடி கறக்க ஆரம்பித்தாள். மாட்டிடம் சொல்வதுபோல, "தம்பி அப்பிடியா சொன்னாரு," என்றாள். அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து காவேரி வேறு ஆளாக இருந்தாள். மாடுகளைப் பக்கத்து வீட்டுப் புஷ்பமேரியிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தாள். செவலை மாடு புது ஆள் கை பட்டால் உதைக்கும் என்று புஷ்பமேரியைத் தினமும் கூடவே உட்கார வைத்துக் கறக்க விட்டுப் பழக்கினாள். பகலெல்லாம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பார்க்கின் வீடியோக்களாகப் பார்த்தாள். சாயங்காலம் காவியா வந்தால் பாப்பாவைக் கொடுப்பதற்கு முன்னால் பேச்சு ரைடுகளைப் பற்றித்தான்.

"இந்தா இது பாரு, படகு மாதிரி. இது ஒன்னுமில்ல, நம்ம தேர்த் திருவிழாவுக்கு வர்றதுதான், கொஞ்சம் பெருசு. இது இருக்குது பாரு, மேல கொண்டுட்டுப் போயி ஒரு நிமிசம் நிறுத்தி வெச்சு அப்புறம் உடறான். இதுலதான் நான் மொதல்ல ஏறணும்."

"பயமா இல்லியாக்கா?"

"எனக்கென்னாடி பயம். ராட்டினத்துல உன்ன ஏத்துனதுக்கு நீ கத்துன கத்துல எறக்கி உட்டாங்களே. நான் மட்டும் திரும்பத் திரும்பப் போனேன். அப்பா கீழ நின்னு, வாடி வாடின்னு கூப்புட்டுட்டே இருந்தாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. காவியாவும் கூடச் சிரித்தாள்.

சேலை கட்டியவர்களை ரைடில் ஏற்றமாட்டார்கள் என்பதையும் காவேரியே கண்டுபிடித்தாள். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏன் காவியா, எனக்கொரு சுடிதார் எடுத்தா ஊருல எதுனா பேசுவாங்களா?"

மறுநாள் தருமபுரியில் ஒரு ரெடிமேட் கடைக்குக் கூட்டிப்போனாள் காவியா. புருஷன் போன பிறகு காவேரி வெளிர் நிறத்தைத் தவிர எதையும் தொட்டதில்லை. கடைப் பெண் எடுத்துப்போட்ட சாம்பல் நிறத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மாம்பழ மஞ்சளில் ஒன்றை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

"தண்ணில நனஞ்சா ஒடம்பு தெரியுமா இது?"

"துணி கெட்டிதாங்க்கா. தெரியாது." கடைப் பெண் சொன்னாள்.

காவியா அதற்கு ஏற்ற மாதிரி செருப்பு ஒன்றும் வாங்கலாம் என்றாள். துப்பட்டாவுக்குக் குத்த ஊசி, தலைக்கு கிளிப் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாள். இவள் விடவில்லை. கையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சொல்லாமல் விட்டது சின்னதாகிவிடும் என்பதுபோல இருந்தது அவள் செய்தது.

பஸ்ஸில் திரும்பும்போது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். "அக்கா, அங்க போனா பாப்பா..." என்று ஆரம்பித்தாள்.

காவேரி பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "பாப்பாவ நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க. ரெண்டு நாளைக்கு எனக்கு லீவு," என்று சொல்லி, தங்கையின் தோளில் இடித்தாள். "என்னா, மொறைக்கற? சும்மா சொன்னேன். அழுதா தூக்கிக்கறேன்."

காவியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா ரைடில் ஏறும் ஆசையில்தான் வருகிறாள் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மாதவராஜிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

"அதுக்கென்ன, மாத்தி மாத்திப் போலாம். நீயும் அக்காவும் ஒரு வாட்டி, நானும் அக்காவும்... இல்ல, அது சரிப்படாது. நாம போறப்ப அவங்க வெச்சுக்கட்டும், அவங்க போறப்ப நாம வெச்சுக்கலாம். சொல்லிடு முன்னாடியே."

"எப்பிடிங்க சொல்றது? அவளுக்காகத்தான் கூப்புடறோம்னு சொல்லிட்டேன்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்ன?" அவன் குற்றம் சொல்லும் தொனியில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

போகும் நாள்வரை சொல்ல நேரம் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். பாப்பாவுக்குச் சளி பிடித்தால்கூடத் தேவலை, பயணம் நின்றுவிடும் என்று ஒரு தடவை நினைத்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு நோய் வரவேண்டுமென்று நினைத்தோமே என்று அதற்கும் சேர்த்து உள்ளுக்குள் குமைந்தாள்.

புறப்பட்ட அன்று விடியும் முன்பே, மாதவராஜ் வாடகைக்கு எடுத்து ஓட்டிவந்த காரை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். காவேரி தயாராக நின்றாள். மஞ்சள் சுடிதார், புதுச் செருப்பு, தலையில் கொஞ்சம் கனகாம்பரம். துப்பட்டாவை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தாள். பாப்பா அவளை அடையாளம் தெரியாமல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அப்புறம் தாவினாள்.

மாதவராஜ் பின் சீட்டிலிருந்து ஒரு பெரிய பையை எடுத்தான். பால் பாட்டில், டயாபர், மாற்றுத் துணி, பிஸ்கட் எல்லாம் அதில் இருந்தன. காவியா சொல்லியிருப்பாள் என்ற நினைப்பில், நல்ல மனசோடுதான் சொன்னான்.

"அக்கா, இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. நாங்க ரைடுக்கு உள்ள போறப்ப பாப்பாவுக்கு எதுனா வேணும்னா நீங்க தேட வேண்டியதில்ல பாருங்க."

காவேரி பையைப் பார்த்தாள். பிறகு காவியாவைப் பார்த்தாள். நீண்ட பார்வையெல்லாம் இல்லை. சட்டென்று பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க தம்பி," என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அரூர், திருவண்ணாமலை, செஞ்சி என்று கார் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில் பாப்பாவுக்கு மாடு காட்டிக்கொண்டும் பஸ் காட்டிக்கொண்டும் வந்தாள் காவேரி. குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ரைடைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன் சீட்டில் இருந்த காவியா வழி நெடுக ஒரு தடவைகூட முழுதாகத் திரும்பவில்லை. பாட்டிலை வாங்கவும் கொடுக்கவும் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

பார்க்கில் அன்று நல்ல கூட்டம். உள்ளே நுழைந்து, வீடியோவில் பார்த்த அந்த உயரமான ரைடு கண்ணில் பட்டதும் காவியா வாயைத் திறந்தாள். அதற்குள் காவேரி முந்திக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் பாப்பாவோட அந்த நெழல்ல உக்காந்துக்கறேன்."

"அக்கா, நீ மொதல்ல போ. நான் வெச்சுக்கறேன்."

"இல்லடி. எனக்குத் தல சுத்தும். போ, வரிசை நீண்டுட்டே போவுது."

தலை சுற்றும் என்றதை மாதவராஜ் நம்பினான். "பாத்து உக்காருங்கக்கா," என்று சொல்லிவிட்டு காவியாவின் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்தான். அத்தனை நாள் அவள் ஆசைப்பட்ட கை அது. பிடியில் வேர்வைதான் தெரிந்தது.

ரைடு மேலே போய் நின்றபோது அவள் கீழே பார்த்தாள். அங்கிருந்து ஆட்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். மஞ்சள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்து பாப்பாவுக்கு எதையோ ஊட்டிக்கொண்டிருந்தது. கீழே விழுந்த வேகத்தில் எல்லோரும் கத்தினார்கள். மாதவராஜும் கத்தினான். அவளுக்கு மட்டும் சத்தம் வரவில்லை.

"எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள் காவேரி, இவர்கள் திரும்பி வந்ததும்.

"நல்லாருந்துச்சுக்கா."

"நல்லா இருக்கும்," என்றாள் காவேரி.

இன்னொரு ரைடுக்கும் போய் வந்தார்கள். அதற்கடுத்த வரிசையில் பாதி தூரம் நகர்ந்த பிறகு காவியா நின்றுவிட்டாள். "நீங்க போங்க, நான் வர்ல," என்று கம்பிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தாள். மாதவராஜ் கூப்பிட்டது காதில் விழுந்தது. அவள் நேராகப் பெஞ்சுக்குப் போனாள். பாப்பா காவேரியின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மஞ்சள் துணியில் தயிர்ச்சோறு ஒழுகிக் காய்ந்திருந்தது.

"அக்கா, நான் உனக்காகக் கூப்புடல. பாப்பாவப் புடிச்சுக்கத்தான் கூப்புட்டேன். அவரு ஒன்னுஞ் சொல்லல, நாந்தான். தப்புதாங்க்கா."

காவேரி பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "தெரியும். பையக் குடுத்தாரே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே வர்லன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"புஷ்பமேரிகிட்ட மாட்ட ஒப்படச்சாச்சு. அப்பாவுக்குச் சோறு ஆக்கி வெச்சாச்சு. வாசல்ல நின்னுட்டு வர்லன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. தம்பிகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

காவியா அவள் காலடியில் குந்தினாள். பக்கத்தில் யாரோ ஐஸ்கிரீம் கேட்டு அழும் பிள்ளையைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள்.

"பாப்பாவ வெச்சுக்க வான்னு கூப்புட்டிருந்தா வந்திருப்பேன் காவியா," என்றாள் காவேரி. கோபமாகச் சொல்லவில்லை. "சந்தோசமாத்தான் வந்திருப்பேன். எம்புள்ளன்னுதான் வளக்கறேன். நீ அப்பிடிச் சொல்லாம உட்டதுல, நான் பாட்டுக்கு எதேதோ நெனச்சுட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இந்தத் துணிய எடுத்தேன் பாரு, அதுதான் எனக்கு அசிங்கமாப் போச்சு."

"இப்பப் போக்கா. இப்பக்கூட நேரம் இருக்குது. நான் இங்கியே இருக்கறேன். நாளெல்லாம் இருக்கறேன்."

"இப்ப நான் போனா அது உன் மனசு ஆறறதுக்குப் போன மாதிரி இருக்கும். எனக்காகப் போன மாதிரி இருக்காது." காவேரி கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். "மண்ணுல உக்காராத. மேல வா."

அதன்பிறகு இருவரும் எந்த ரைடுக்கும் போகவில்லை. மாதவராஜ் வந்து ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமல் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கி வந்தான். பாப்பா எழுந்ததும் சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் இடத்துக்குப் போனார்கள். பாப்பா குதித்தாள், கை தட்டினாள். காவேரி அவளோடு சேர்ந்து சிரித்தாள். காவியாவிடமும் சாதாரணமாகப் பேசினாள், டவல் எடு, பாட்டிலைக் கழுவு என்று. அந்தச் சாதாரணப் பேச்சுதான் காவியாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பாள்.

ராத்திரி மாமல்லபுரத்தில் ஒரு அறையில் தங்கினார்கள். பாப்பா காவேரி பக்கத்தில்தான் படுப்பேன் என்றாள்.

காலையில் காவியா கண் விழித்தபோது பாப்பா அவள் பக்கத்தில் கிடந்தாள். யாரோ தூக்கிக்கொண்டுவந்து கிடத்தி, உருண்டு விழாமல் இருக்கத் தலையணையை அணைவாக வைத்திருந்தார்கள். காவேரியின் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. புதுச் செருப்பைக் காணோம். மாதவராஜ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா ஊருக்கே பஸ் ஏறிப் போய்விட்டாளோ என்று காவியா நினைத்தாள். பாப்பாவை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தலைகூடச் சீவாமல் வெளியே ஓடினாள்.

தெருவைத் தாண்டியதும் மணல். மணலுக்கு அந்தப் பக்கம் அது. படத்தில் பார்த்ததுபோல நீலமாக இல்லை. சாம்பலும் வெள்ளியுமாக, இரைந்துகொண்டு, எங்கே முடிகிறதென்று தெரியாமல் கிடந்தது. அவளும் அதை முதல் தடவையாகத்தான் பார்த்தாள். ஆனால் அவள் கண் அதன்மேல் நிற்கவில்லை. கரையோரம் தேடிக்கொண்டு போனது.

காவேரி தண்ணீருக்குள் இருந்தாள். இடுப்பு வரைக்கும். வேறு ஊரிலிருந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் கைகோத்து நின்றதில் இவளும் ஒரு கையைப் பிடித்திருந்தாள். அலை வரும்போது எல்லோரும் சேர்ந்து எம்பினார்கள். அலை போனதும் யாரோ ஏதோ சொல்ல, காவேரி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தலைமுடி அவிழ்ந்து முதுகில் ஒட்டியிருந்தது.

பாப்பா அவளைப் பார்த்துவிட்டாள். "வேரி," என்று கையை நீட்டினாள். காவியா அசையாமல் நின்றதும் உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டாள்.

அந்த அழுகை அலைச் சத்தத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். காவேரி திரும்பினாள். கரையில் நின்ற இருவரையும் பார்த்தாள். காவியா, வராதே, வராதே என்று மனசுக்குள் சொன்னாள்.

காவேரி வரவில்லை. அடுத்த அலை எழும்பி வர, கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

காவியா மணலில் உட்கார்ந்தாள். பாப்பா அவளை உதைத்தாள், கன்னத்தில் பிராண்டினாள், முடியைப் பிடித்து இழுத்தாள். காவியா அவளை விடாமல் பிடித்துக்கொண்டாள். சமாதானம் செய்யத் தெரிந்த பாட்டும் இல்லை, கதையும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதெல்லாம் அக்காவிடம் இருந்தது. கிளிஞ்சல் ஒன்றைக் காட்டினாள், பாப்பா தட்டிவிட்டாள். நண்டைக் காட்டினாள், இன்னும் பலமாக அழுதாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெகுநேரம் அழுது, தொண்டை கட்டி, கடைசியில் வேறு வழியில்லாமல் அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினாள். அந்த ஈரத்தில் காவியாவும் கொஞ்சம் அழுதாள்.

வெயில் ஏறிய பிறகுதான் காவேரி கரைக்கு வந்தாள். குனிந்து சுடிதாரின் ஓரத்தைப் பிழிந்தாள். உதடு வெளுத்து, கண் சிவந்து, முகம் பளபளவென்று இருந்தது. பாப்பா மறுபடி கையை நீட்டினாள். காவேரி அவள் தலையில் ஈரக் கையை வைத்து ஒரு தடவை தடவினாள். தூக்கவில்லை.

"நீ போய்ட்டு வர்றியா?" என்று கேட்டாள் தங்கையிடம். "இப்பத் தண்ணி கொஞ்சம் உள்ள போயிருக்குது. நல்லாருக்கும்."

"இருக்கட்டுங்க்கா. நான் அப்புறம் போறேன்."

காவேரி வற்புறுத்தவில்லை. பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, முடியை முன்னால் போட்டு உதறினாள். அவள் மனசு ஆறிவிட்டதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் காவியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

"பசிக்குது," என்றாள் காவேரி. "தம்பிய எழுப்பலாம் வா. இங்க எங்கியாவது சூடா இட்லி கெடைக்குமான்னு பாப்போம்."